சொந்த லினக்ஸ் வழங்கலில் மெனுவை மாற்றியமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரிபியூஷன்) அடித்தளமாக வைத்து, நிறுவாமலேயே இயக்கக்கூடிய வட்டுப் படிமத்தை உருவாக்கும் லைவ்-பில்ட் கருவியின் துணையோடு பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஏற்ற ஒரு லினக்ஸ் வழங்கலை உருவாக்க முனைகிறவர்கள், மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு மெனுவில் வந்து தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளை, இயன்றவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னரும் வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை (மெனு, பலகம் போன்றவற்றைத் திரையில் தரும் மென்பொருள் தொகுதி) சார்ந்தவை. பிற சூழல்களுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. அடைவுகள் (கோப்புறைகள்), கட்டளைகள், கோப்பிலுள்ள வரிகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும்.

1. மெனு எந்தக் கோப்பில் இருக்கிறது? அதைத் திறந்து மாற்றிவிட்டால் வேலை முடிந்ததுதானே?

அப்படி ஒரு தனிக் கோப்பு இல்லை. நாம் திரையில் காணும் மெனு, மூன்று வகைக் கோப்புகளைப் படித்து அவ்வப்போது கணக்கிடப்படுவது. முதலாவது, ஒவ்வொரு செயலிக்கும் உரிய 'டெஸ்க்டாப்' கோப்பு. இது /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் இருக்கும். இரண்டாவது, ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரும் ஐகானும் தரும் 'டைரக்டரி' கோப்பு. இது /யுஎஸ்ஆர்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸ் அடைவில் இருக்கும். மூன்றாவது, எந்தச் செயலி எந்தப் பிரிவில் வர வேண்டும் என்ற விதிகளைக் கொண்ட, எக்ஸ்எம்எல் வடிவிலான 'மெனு' கோப்பு. இது /ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ் அடைவில் இருக்கும்.

இந்த ஏற்பாட்டை வகுத்தது, 2000ஆம் ஆண்டில் ஹாவொக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம். டெஸ்க்டாப் சூழல்கள் எத்தனை இருந்தாலும் ஒரு செயலி தன்னைப் பற்றி ஒரே ஒரு முறை அறிவித்தால் போதும் என்பதே அதன் நோக்கம். ஆகவே மெனுவை மாற்றுவது என்பது, ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் திருத்துவதன்று. அவற்றுக்கு மேலே நம்முடைய அடுக்கு ஒன்றை வைப்பது. பின்வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றையே சுற்றி வரும்.

2. டெஸ்க்டாப் கோப்பில் எந்தெந்த வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும்?

சதுர அடைப்புக்குள் 'டெஸ்க்டாப் என்ட்ரி' என்ற தலைப்பு வரி, 'டைப்', 'நேம்' ஆகியவை கட்டாயம். செயலி என்றால் அதை இயக்கும் கட்டளையைச் சொல்லும் 'எக்செக்' வரியும் வேண்டும். 'ஐகான்', 'கேட்டகரீஸ்' இரண்டும் விதிப்படி கட்டாயமில்லை, ஆனால் நடைமுறையில் இவை இல்லாத கோப்பு மெனுவில் முறையாக அமர்வதில்லை. முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) இயங்கும் செயலிக்கு 'டெர்மினல்' வரியில் 'ட்ரூ' என்று தர வேண்டும்.

வழங்கல் உருவாக்குபவருக்கு மிகவும் உதவுவது 'ட்ரைஎக்செக்' என்ற வரி. அதில் குறிப்பிட்ட நிரல் கணினியில் இல்லாவிட்டால் அந்தச் செயலி மெனுவில் தோன்றாது. பல பதிப்புகளுக்குப் பொதுவாக ஒரே கோப்புத் தொகுதியை வைத்திருப்பவர்கள், சிறிய பதிப்பில் இல்லாத செயலிகள் வெற்று இணைப்புகளாக நிற்பதை இதனால் தவிர்க்கலாம்.

3. நான் சேர்த்த செயலி 'மற்றவை' என்ற பிரிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏன்?

'கேட்டகரீஸ்' வரியில் முதன்மை வகை எதுவும் இல்லை, அல்லது அதன் எழுத்தமைப்பு தவறு. முதன்மை வகைகள் மொத்தம் 13: ஆடியோவீடியோ, ஆடியோ, வீடியோ, டெவலப்மென்ட், எஜுகேஷன், கேம், கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஆபிஸ், சயின்ஸ், செட்டிங்ஸ், சிஸ்டம், யுட்டிலிட்டி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கருதப்படும். நான் அதிகம் பார்த்த பிழை, 'கேம்' என்பதைப் பன்மையில் 'கேம்ஸ்' என்று எழுதுவது. திரையில் பிரிவின் பெயர் பன்மையில் தெரிவதால் அப்படி எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு வகைக்குப் பின்னும், இறுதி வகை உட்பட, அரைப்புள்ளி இட வேண்டும். ஆடியோ, வீடியோ ஆகிய இரண்டும் தனியே வரக்கூடாது; ஆடியோவீடியோ என்பதோடு சேர்ந்தே வர வேண்டும்.

எந்தப் பிரிவிலும் இடம் பெறாத செயலிகளையே 'மற்றவை' ஏந்துகிறது. மெனு கோப்பில் அந்தப் பிரிவுக்கு 'ஒன்லிஅன்அலோகேட்டட்' என்ற குறியீடு இருப்பதைக் காணலாம். இதற்கு எதிரான நிலையும் உண்டு: இரண்டு முதன்மை வகைகளை எழுதினால் செயலி இரண்டு பிரிவுகளிலும் தோன்றும்.

4. மெனுவில் எக்ஸ்டெர்ம், யுஎக்ஸ்டெர்ம் என்ற முனையச் செயலிகள் போன்று வேண்டாதவை எல்லாம் நிற்கின்றன. அவற்றின் டெஸ்க்டாப் கோப்புகளை அழித்துவிடலாமா?

அழிக்கக் கூடாது. டெஸ்க்டாப் கோப்பு ஒரு தொகுப்புக்கு (ஒரு மென்பொருளை நிறுவத் தரப்படும் கோப்புக் கட்டு) உரியது. அந்தத் தொகுப்பு மேம்படுத்தப்படும்போது கோப்பு திரும்பவும் வந்து நிற்கும். தொடக்கக் காலத்தில் நானும் உருவாக்கத்தின்போதே அழிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி, அழகான மெனுவோடு ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். அடுத்த மேம்படுத்தலுக்குப் பின் பாதி செயலிகள் திரும்ப வந்துவிட்டன என்று ஆசிரியர் தொலைபேசியில் சொன்னபோதுதான், என் முறையே தவறு என்பது எனக்குப் புரிந்தது.

மறைப்பதற்கு இரண்டு வரிகள் உள்ளன. பலர் அவற்றை ஒன்றாகவே கருதுகிறார்கள். 'நோடிஸ்ப்ளே' வரியில் 'ட்ரூ' தந்தால் செயலி மெனுவில் மட்டும் தோன்றாது. ஆனால் ஒரு படத்தையோ ஆவணத்தையோ இருமுறை சொடுக்கினால் திறக்கும் செயலியாக அது தொடர்ந்து பணிபுரியும். 'ஹிட்டன்' வரியில் 'ட்ரூ' தந்தால், அந்தக் கோப்பே இல்லை என்று பொருள். கோப்பு வகைகளோடு அதற்குள்ள தொடர்பும் அறுந்துவிடும். படங்காட்டி, ஆவணங்காட்டி போன்றவற்றை மறைக்க 'நோடிஸ்ப்ளே' மட்டுமே சரியானது.

5. சரி, அந்த வரியை எங்கே எழுதுவது? மூலக் கோப்பில் எழுதினால் அதுவும் மேம்படுத்தலில் போய்விடுமே?

போய்விடும், ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல், அதே பெயரில் இன்னொரு கோப்பை முன்னுரிமை கூடிய அடைவில் வைக்க வேண்டும். டெஸ்க்டாப் கோப்புகள் தேடப்படும் வரிசை இது: முதலில் பயனரின் முகப்பு அடைவிலுள்ள .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ், அடுத்து /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ், இறுதியாக /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ். முதலில் கிடைத்த கோப்பு எடுத்துக்கொள்ளப்படும். பின்னால் இருப்பவை பார்க்கப்படா.

இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இரு கோப்புகளும் வரி வரியாக இணைக்கப்படுவதில்லை. மேலடுக்கில் உள்ளது கீழே உள்ளதை முழுமையாக மாற்றிவிடுகிறது. எனவே மூலக் கோப்பு முழுவதையும் நகலெடுத்து, அதில் வேண்டிய வரியை மட்டும் மாற்றுவதே முறை. இரண்டாவது, ஒப்பிடப்படுவது கோப்பின் அடையாளம். அப்ளிகேஷன்ஸ் அடைவுக்குள் ஒரு துணை அடைவில் கோப்பு இருந்தால், சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இட்டு அந்த அடையாளம் உருவாக்கப்படும். டெபியனில் எக்ஸ்டெர்ம் செயலியின் கோப்பு 'டெபியன்-எக்ஸ்டெர்ம்.டெஸ்க்டாப்' என்ற பெயரில் இருப்பதால், வெறும் 'எக்ஸ்டெர்ம்.டெஸ்க்டாப்' என்று வைத்துவிட்டு அது மறையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

6. என் அமைப்புகளை டெபியனுக்குரிய ஒரு டெப் தொகுப்பாகவே செய்யப்போகிறேன். /யுஎஸ்ஆர்/லோக்கல் அடைவில் கோப்பு வைக்கக் கூடாது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த அடைவு கணினியின் நிர்வாகிக்கு உரியது. தொகுப்புகள் அதில் கோப்புகளை வைக்கக் கூடாது என்பது டெபியன் கொள்கை ஆவணத்தின் விதி. வட்டுப் படிமத்தில் நேரடியாகக் கோப்பை வைப்பவருக்கு 5ஆம் பதிலில் சொன்ன வழி போதும். தொகுப்பு செய்பவருக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, டிபிகேஜி-டைவர்ட் என்ற கட்டளை. அது மூலத் தொகுப்பின் கோப்பை வேறொரு பெயருக்குத் திருப்பிவிட்டு, அந்த இடத்தை நமக்குத் தருகிறது. மேம்படுத்தலின்போதும் அந்தத் திருப்பம் நிலைக்கும். ஓரிரு கோப்புகளுக்கு இது பொருத்தம். இருபது, முப்பது கோப்புகள் என்றால், நம் வழங்கலின் பெயரில் /யுஎஸ்ஆர்/ஷேர் அடைவுக்குள் தனி அடைவு ஒன்றை உருவாக்கி, அதை, எந்த அடைவுகளில் தேட வேண்டும் என்று நிரல்களுக்குச் சொல்லும் எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ் என்ற சூழல் மாறியின் முன்பகுதியில் சேர்ப்பது நல்லது. எக்ஸ்எஃப்சிஇ கொண்ட உபுண்டு வகையான சுபுண்டு தன் அமைப்புகளை /ஈடிசி/எக்ஸ்டிஜி அடைவுக்குள் 'எக்ஸ்டிஜி-சுபுண்டு' என்ற தனி அடைவில் வைத்து, எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் மாறியில் அதை முன்னிறுத்துவதும் இதே முறைதான். நான் பரிந்துரைப்பதும் இதுவே: நம் மாற்றங்கள் அனைத்தும் ஓரிடத்தில் இருக்கும்; அந்த ஒரு தொகுப்பை நீக்கினால் மூல டெபியன் மெனு அப்படியே திரும்பும். மாறியை அமைக்கும் சிறு நிரலை /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்.டி அடைவில் வைக்கலாம். ஆனால் அந்த அடைவு எக்ஸ் என்ற பழைய திரை அமைப்பின் அமர்வுகளுக்கானது. புதிய திரை அமைப்பான வேலேண்டின் அமர்வில் அதை நம்பியிருக்கக் கூடாது.

7. நீங்கள் சொன்னபடி அந்த மாறியை அமைத்தேன். இப்போது மெனுவே காலியாகிவிட்டது!

மாறியில் உங்கள் அடைவை மட்டும் எழுதியிருப்பீர்கள். மாறி அமைக்கப்படாமல் இருந்தால்தான் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், /யுஎஸ்ஆர்/ஷேர் ஆகிய இயல்பு மதிப்புகள் எடுத்துக்கொள்ளப்படும். நாம் ஒரு மதிப்பைத் தந்த கணமே அவை விலகிவிடும். ஆகவே நம் அடைவுக்குப் பின்னால் பழைய மதிப்பையும், பழைய மதிப்பு இல்லையென்றால் அந்த இரண்டு அடைவுகளையும், முக்காற்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும்.

ஃபிளாட்பேக் (எல்லா வழங்கல்களுக்கும் பொதுவான தனித் தொகுப்பு முறை) வழியாக நிறுவிய செயலிகள் மட்டும் காணாமல் போனால் அதற்கும் காரணம் இதுவே. அவற்றின் டெஸ்க்டாப் கோப்புகள் /வார்/லிப்/ஃபிளாட்பேக்/எக்ஸ்போர்ட்ஸ்/ஷேர் அடைவின் கீழ் உள்ளன. அந்த அடைவும் இதே மாறியின் வழியாகவே மெனுவுக்கு வந்துசேர்கிறது.

8. பாடக் கருவிகளுக்கென்று தனிப் பிரிவு வேண்டும். ஜிகாம்ப்ரி, ஸ்டெல்லேரியம் போன்றவை மட்டும் அதில் வர வேண்டும். எப்படி?

இரண்டு கோப்புகள் தேவை. முதலாவது, பிரிவின் பெயரையும் ஐகானையும் தாங்கிய டைரக்டரி கோப்பு. இரண்டாவது, விதிகளைச் சொல்லும் சிறிய மெனு கோப்பு. இரண்டாவதை /ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ் அடைவுக்குள் 'அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட்' என்ற அடைவில் வைத்தால், முதன்மை மெனு கோப்பில் 'டிஃபால்ட்மெர்ஜ்டிர்ஸ்' என்ற குறியீடு இருக்கும் வரை அது தானாகவே இணைந்துகொள்ளும். முதன்மைக் கோப்பைத் தொடவே வேண்டியதில்லை.

அந்தச் சிறு கோப்பில் 'இன்க்ளூட்' குறியீட்டுக்குள் செயலிகளைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு: 'ஃபைல்நேம்' வழியாக ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது, 'கேட்டகரி' வழியாக வகையைச் சொல்வது. பத்துக்கும் குறைவான செயலிகள் என்றால் பெயர் சொல்வதே தெளிவு. வகையைத் தேர்ந்தால், நம்முடைய சொந்த வகைப் பெயரை 'எக்ஸ்-' என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும். அது பொது வகைகளோடு மோதாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

ஒன்றை மறக்கக் கூடாது. மெனு கோப்பில் நாம் எழுதும் 'நேம்' என்பது உள் அடையாளம் மட்டுமே. திரையில் தெரியும் பெயர் டைரக்டரி கோப்பிலிருந்து வருகிறது. உள் அடையாளம் ஏற்கெனவே உள்ள ஒரு பிரிவின் அடையாளத்தோடு ஒத்துப்போனால், இரண்டும் ஒரே பிரிவாகக் கலந்துவிடும். ஸ்டெல்லேரியம் புதிய பிரிவில் மட்டுமன்றிக் கல்விப் பிரிவிலும் தோன்றுகிறது என்றால், அதே இணைப்புக் கோப்பில் 'எஜுகேஷன்' என்ற அடையாளத்தோடு இன்னொரு பிரிவு எழுதி, அதனுள் 'எக்ஸ்க்ளூட்' குறியீட்டில் ஸ்டெல்லேரியத்தின் கோப்புப் பெயரைத் தரலாம்; மேலே சொன்ன கலக்கும் இயல்பு இங்கே நமக்குத் துணையாகிறது.

9. /ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ் அடைவில் 'அப்ளிகேஷன்ஸ்.மெனு' கோப்பை எழுதி வைத்தேன். எக்ஸ்எஃப்சிஇ அதைக் கண்டுகொள்ளவே இல்லையே?

எக்ஸ்எஃப்சிஇ படிப்பது 'எக்ஸ்எஃப்சிஇ-அப்ளிகேஷன்ஸ்.மெனு' என்ற கோப்பை. ஒவ்வொரு சூழலும் எக்ஸ்டிஜி_மெனு_ப்ரிஃபிக்ஸ் என்ற மாறியில் தனக்குரிய முன்னொட்டைத் தருகிறது. மேட் சூழலுக்கு 'மேட்-', க்னோமுக்கு 'க்னோம்-' என்று அது மாறும். ஆனால் இணைப்பு அடைவின் பெயர் எல்லாச் சூழல்களுக்கும் 'அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட்' என்பதே என்று மெனு வரையறை சொல்கிறது. 8ஆம் பதிலில் அந்த வழியை நான் முன்வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

10. பிரிவுகளின் வரிசையை மாற்ற முடியுமா?

முடியும். முதன்மை மெனு கோப்பின் 'லேஅவுட்' பகுதியில் பிரிவுகளின் உள் அடையாளங்களை வேண்டிய வரிசையில் எழுதி, இடையிடையே 'செப்பரேட்டர்' இட்டு, மீதமுள்ளவற்றுக்கு 'மெர்ஜ்' குறியீட்டை விட்டுவைக்க வேண்டும். அந்த இறுதிக் குறியீட்டை விட்டுவிட்டால், நீங்கள் பெயர் சொல்லாதவை எதுவும் தோன்றாது. வரிசைக்காக மட்டும் முதன்மைக் கோப்பு முழுவதையும் நகலெடுத்து வைக்க நேரும். அது தேவைதானா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

11. செயலிகளின் பெயர்கள் தமிழில் வர வேண்டும். 'நேம்' வரியையே தமிழில் எழுதிவிடலாமா?

வேண்டாம். 'நேம்' வரியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, அதன் கீழே 'நேம்' என்ற சொல்லை அடுத்துச் சதுர அடைப்புக்குள் 'டிஏ' என்ற மொழிக் குறியீடு இட்டு இன்னொரு வரி எழுத வேண்டும். இந்திய அமைப்பிலும் இலங்கை அமைப்பிலும் அது பொருந்தும். கணினி ஆங்கிலத்தில் இயங்கும்போது ஆங்கிலப் பெயரும், தமிழில் இயங்கும்போது தமிழ்ப் பெயரும் தோன்றும். கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்றும் வழங்கலில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் கட்டங்களே தெரியும்.

மொழிபெயர்ப்பில் ஒரு வேண்டுகோள். செயலியின் தனிப்பெயரைத் தமிழாக்க வேண்டாம். எழுத்துப்பெயர்ப்பு செய்து, அது என்ன செய்யும் என்பதை 'ஜெனரிக்நேம்' வரியில் தமிழில் எழுதுங்கள். பிள்ளைகள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் தட்டினாலும் செயலி கிடைக்க வேண்டும் என்பதால், 'கீவேர்ட்ஸ்' வரியில் இரு மொழிச் சொற்களையும் சேர்ப்பது நல்லது.

12. பெயர் வருகிறது, ஐகான் வரவில்லை. அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கட்டளையை ஓட்டியும் பயனில்லை.

அந்தக் கட்டளைக்கும் ஐகானுக்கும் தொடர்பில்லை. மெனுவின் தோற்றத்துக்கும் தொடர்பில்லை. எந்தக் கோப்பு வகையை எந்தச் செயலி திறக்கும் என்ற பட்டியலை மட்டுமே அது புதுப்பிக்கிறது. பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறும் இடம் இது.

ஐகானைப் பொறுத்தவரை, 'ஐகான்' வரியில் கோப்பின் பின்னொட்டு இல்லாமல் பெயரை மட்டும் எழுதி, படத்தை /யுஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ்/ஹைகலர் அடைவின் கீழ், அதன் அளவுக்குரிய அடைவிலுள்ள 'ஆப்ஸ்' அடைவில் வைக்க வேண்டும். அதன்பின் ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ் கட்டளையை ஓட்ட வேண்டும். தொகுப்பு வழியாக வரும் ஐகான்களுக்கு டெபியன் இதைத் தானே செய்துவிடுகிறது. நாம் நேரடியாக நகலெடுத்து வைத்தவற்றுக்குச் செய்வதில்லை.

13. க்னோம், கேடிஇ, ஓப்பன்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே முறைதானா?

டெஸ்க்டாப் கோப்புகளைப் பொறுத்தவரை க்னோமுக்கும் கேடிஇக்கும் இதே முறைதான். கேடிஇ பிளாஸ்மா தன் பட்டியலைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருப்பதால், மாற்றம் தெரியாவிட்டால் கேபில்ட்சைகோகா கட்டளையை ஓட்ட வேண்டும். பிளாஸ்மா 6இல் அதன் பெயர் 6 என்ற எண்ணோடு முடியும். 2011இல் வெளியான க்னோம் 3 முதல் அடுக்கு மெனுவுக்குப் பதிலாகச் செயலிக் கட்டமே முதன்மை. அதில் உள்ள கோப்புறைகளை மெனு கோப்பால் மாற்ற முடியாது. /ஈடிசி/டிகான்ஃப் அடைவில் இயல்பு மதிப்புகளை எழுதி, டிகான்ஃப் அப்டேட் கட்டளையை ஓட்ட வேண்டும்.

ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ் போன்ற சாளர மேலாண் நிரல்கள் தம் சொந்த மெனு கோப்பையே படிக்கும். டெஸ்க்டாப் கோப்புகளிலிருந்து அந்த மெனுவை உருவாக்கித் தரும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டும். முன்பு டெபியனில் 'மெனு' என்ற தொகுப்பும் அப்டேட்-மெனுஸ் கட்டளையும் இதற்குப் பயன்பட்டன. ஆனால் டெஸ்க்டாப் கோப்பு தரும் தொகுப்பு பழைய மெனு கோப்பைத் தரக் கூடாது என்று 2015இல் டெபியன் தொழில்நுட்பக் குழு முடிவு செய்துவிட்டதால், பழைய வழிகாட்டிகளில் அந்தக் கட்டளையைக் கண்டால் கடந்துவிடுங்கள்.

14. என் கணினியில் மெனுலிப்ரே என்ற வரைகலை மெனுத் திருத்தி கொண்டு எல்லாவற்றையும் அழகாக அமைத்துவிட்டேன். அந்த முகப்பு அடைவுக் கோப்புகளை /ஈடிசி/ஸ்கெல் அடைவில் போட்டால் போதுமா?

முதல் நாள் வேலை செய்யும். ஸ்கெல் அடைவில் உள்ளவை புதிய பயனர் உருவாக்கப்படும்போது ஒரே ஒரு முறை நகலெடுக்கப்படுகின்றன. நேரடி அமர்வின் (வன்தட்டில் நிறுவாமல் படிமத்திலிருந்தே இயக்குவது) பயனருக்கும், நிறுவிய பின் உருவாகும் பயனருக்கும் அவை கிடைக்கும். ஆனால் அதற்குப் பின் அவை அந்தப் பயனருக்குச் சொந்தம். ஆறு மாதம் கழித்து நீங்கள் ஒரு பிழையைத் திருத்த விரும்பினால், ஏற்கெனவே உள்ள எந்தப் பயனரையும் அந்தத் திருத்தம் சென்றடையாது. மேலும் 5ஆம் பதிலின்படி பயனர் அடைவுக்கே முதல் முன்னுரிமை என்பதால், செயலியின் புதிய பதிப்பு தன் கட்டளையை மாற்றிக்கொண்டாலும் பயனரின் மெனுவில் பழைய கட்டளையே நிற்கும்.

ஆகவே வரைகலைத் திருத்தியை வரைவு எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது உருவாக்கிய கோப்புகளைத் திறந்து படித்து, உங்கள் பயனர்பெயர் அடங்கிய பாதைகள் இருந்தால் நீக்கி, கணினி அளவிலான அடைவுகளுக்கு மாற்றுங்கள். ஸ்கெல் அடைவைப் பயனர் தாமே மாற்றிக்கொள்ள வேண்டியவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள்.

15. லைவ்-பில்ட் அமைப்பில் இவற்றையெல்லாம் எந்த இடத்தில் வைப்பது? ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் படிமத்தை முழுதாக உருவாக்கித்தான் பார்க்க வேண்டுமா?

கோப்புகளை கான்ஃபிக்/இன்க்ளூட்ஸ்.சிஹெச்ரூட் அடைவுக்குள், இறுதிக் கணினியில் எந்தப் பாதையில் இருக்க வேண்டுமோ அதே பாதையில் வையுங்கள். தொகுப்புகள் நிறுவப்பட்ட பின் அவை நகலெடுக்கப்படும். 12ஆம் பதிலில் சொன்ன ஐகான் கட்டளை போன்றவற்றை கான்ஃபிக்/ஹுக்ஸ்/நார்மல் அடைவில், '.ஹுக்.சிஹெச்ரூட்' என்று முடியும் நிரலாக வையுங்கள். அது நகலெடுப்புக்குப் பின் இயங்கும். கோப்புகளின் அனுமதியைச் சரிபாருங்கள்: 644 என்பதற்குப் பதில் 600 என்று இருந்தால், படிமத்தில் கோப்பு இருந்தும் சாதாரணப் பயனரால் அதைப் படிக்க முடியாது, செயலி மெனுவில் வராது.

முழுப் படிமம் தேவையில்லை. ஒரு மெய்நிகர்க் கணினியில் அதே டெபியன் பதிப்பை எக்ஸ்எஃப்சிஇயோடு நிறுவி, புதிய பயனரில் கோப்புகளைச் சோதியுங்கள். அதற்கும் முன், ஒவ்வொரு டெஸ்க்டாப் கோப்பையும் டெஸ்க்டாப்-ஃபைல்-வாலிடேட் கட்டளைக்குக் கொடுங்கள். 3ஆம் கேள்வியில் பார்த்த வகைப் பிழைகளை அது உடனே காட்டிவிடும்.

16. ஒரே படிமத்தில் எக்ஸ்எஃப்சிஇ, மேட் இரண்டையும் வைத்தேன். ஒன்றின் அமைப்புக் கருவிகள் மற்றொன்றின் மெனுவில் வருகின்றன.

அந்தக் கருவிகளின் டெஸ்க்டாப் கோப்பில் 'ஒன்லிஷோஇன்' வரி இல்லை. 5ஆம் பதிலில் சொன்னபடி மேலடுக்கில் நகல் வைத்து, அந்த வரியில் உரிய சூழலின் பெயரை எழுதுங்கள். எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப் மாறியின் மதிப்போடு அது ஒப்பிடப்படும். எக்ஸ்எஃப்சிஇ, மேட் ஆகிய இரண்டு பெயர்களையும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். ஒரு சூழலில் மட்டும் மறைக்க 'நாட்ஷோஇன்' உண்டு. இரண்டு வரிகளிலும் ஒரே சூழலை எழுதக் கூடாது.

17. வன்தட்டில் நிறுவிய பிறகும் மெனுவில் 'நிறுவுக' என்ற பதிவு நிற்கிறது. அதை நோடிஸ்ப்ளே கொண்டு மறைத்தால் நேரடி அமர்விலும் மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

இங்கே மறைப்பது தவறான வழி. நிறுவிய கணினியில் நிறுவி மென்பொருளே இருக்கக் கூடாது. மாணவர் ஒருவர் விளையாட்டாகச் சொடுக்கினாலும் வட்டைப் பிரிக்கும் திரைவரை சென்றுவிட முடியும். காலமாரஸ் நிறுவியைப் பயன்படுத்தினால், அதன் 'பேக்கேஜஸ்' என்ற கூறில் நீக்க வேண்டிய தொகுப்புகளைப் பட்டியலிடலாம். காலமாரஸ், லைவ்-பூட், லைவ்-கான்ஃபிக் ஆகியவற்றை அதில் சேர்த்தால், நிறுவல் முடியும் தறுவாயில் அவை வன்தட்டிலிருந்து நீக்கப்படும், மெனுப் பதிவும் அவற்றோடு போய்விடும்.

நீங்களே எழுதிய 'நிறுவுக' கோப்பை இன்க்ளூட்ஸ் வழியாக வைத்திருந்தால் அது எந்தத் தொகுப்புக்கும் சொந்தமில்லாததால் நீங்காமல் நிற்கும். அதில் காலமாரஸ் நிரலைக் குறிக்கும் 'ட்ரைஎக்செக்' வரியைச் சேருங்கள். 2ஆம் பதிலில் சொன்னபடி, நிரல் நீங்கியதும் பதிவும் மெனுவில் தோன்றாது. நேரடி அமர்வில் நிரல் இருப்பதால் அங்கே வழக்கம்போல் தெரியும்.